முள் சொல்வதும் கல் சொல்வதும்

மதுரையிலிருந்து மேலூருக்குப் போகும் நான்குவழிச் சாலையில் ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை முதுகுக்குப் பின்னால் விலகியதும், சாலை நூல் பிடித்தாற்போல் நீள்கிறது. ஏற்ற இறக்கமெல்லாம் பெயருக்குத்தான். ஓரத்தில் மஞ்சள் தலையும் வெள்ளை உடலுமாகக் கிலோமீட்டர் கற்கள் வரிசையாக நிற்கின்றன. மைல் கணக்கு போய் அறுபது ஆண்டுகள் ஆன பிறகும் அவற்றை நாம் மைல்கல் என்றே சொல்லிவருகிறோம். ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்பீடாமீட்டர் மெய் சொல்கிறதா என்று பார்க்க இப்படியொரு சமவெளிச் சாலையைவிட நல்ல ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மீட்டர் தப்பாகக் காட்டினால் அதைக் கழற்றிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் ஓடுவது நம் வழக்கம். அவர் பிரித்துப் பார்த்து, எண்ணெய் விட்டு, முள்ளைக் கொஞ்சம் திருப்பி வைத்துத் தருவார். தப்பு அப்படியே இருக்கும், அல்லது வேறொரு தப்பாக மாறியிருக்கும். ஏனென்றால் குற்றவாளி மீட்டருக்குள் இருக்கிறதா, பின் அச்சில் இருக்கிறதா, டயரில் இருக்கிறதா என்று யாரும் விசாரிக்கவில்லை. அந்த விசாரணைக்கு ஒரு முறை உண்டு. முதலில் தூரத்தைச் சோதிக்க வேண்டும், வேகத்தைப் பிறகு. இந்த வரிசை ஏன் மாறக்கூடாது என்று காட்டுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

எடுத்துக்காட்டுக்கு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்வோம். 1962-இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த இரண்டு இருக்கைக் கார் அது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவானி மிக்கெலொட்டி அதற்கு உருக்கொடுத்தார். உடம்புதான் புதிது, எலும்பெல்லாம் 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டுடையது. அந்த ஹெரால்டு நமக்கு அந்நியமில்லை. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இங்கேயே செய்து விற்றது. அதன் வழித்தோன்றலான கெஸல் 1972-இல் வந்தபோது தனித்தனியாக அசையும் பின் சக்கர அமைப்பைக் கைவிட்டு, ஒரே தண்டான பின் அச்சுக்கு மாறியது. ஆக, ஸ்பிட்ஃபயரின் கியர் கணக்கு என்பது தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் பலர் கைவைத்துப் பழகிய ஹெரால்டின் கணக்கும்தான். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக வரும்.

நாலாவது கியரில் கியர்பெட்டி எதையும் மாற்றுவதில்லை. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் வண்டியின் அடியில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. கணக்கு மாறுவது பின் அச்சின் கிரவுன் பினியனில். பினியனில் 9 பல், கிரவுனில் 37 பல் என்றால் ஷாஃப்ட் 4.11 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். முதல் ஸ்பிட்ஃபயர்களில் இந்த 4.11தான் இருந்தது. பிந்திய மார்க் 4-இல் 3.89, கடைசியாக வந்த 1500-இல் 3.63. 948 சிசி எஞ்சின் போட்ட ட்ரையம்ப் ஹெரால்டு சலூனிலோ 8 பல்லுக்கு 39 பல், அதாவது 4.875. இனி டயர். 155/80 R13 என்று பக்கவாட்டில் அச்சிட்டிருந்தால், அகலம் 155 மில்லிமீட்டர், உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 124. மேலும் கீழுமாக 248, நடுவில் 13 அங்குல ரிம் 330. மொத்த விட்டம் 578 மில்லிமீட்டர். இதைப் பையால் பெருக்கினால் 1.816 மீட்டர் சுற்றளவு வரும். ஆனால் வண்டியின் பாரம் டயரைத் தரையில் அமுக்குவதால் ஒரு சுற்றுக்கு அது அவ்வளவு தூரம் உருளாது. ரேடியல் டயருக்கு 3.14-க்குப் பதில் 3.05-ஆல் பெருக்குவது தொழிலில் உள்ள வழக்கம். அப்போது கிடைப்பது 1.763 மீட்டர், கிலோமீட்டருக்கு 567 சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது இதே டயரோடு 4.875 அச்சு மணிக்கு 65 கிலோமீட்டர் தரும். 4.11 தருவது 77, 3.89 தருவது 82, 3.63 தருவது 87.

இந்த நாலு எண்களுக்குள் ஒரு ஊரின் நிலவியலே இருக்கிறது. வத்தலகுண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறுகிறவருக்கு 4.875 வரம். சின்ன எஞ்சின் திணறாமல் இழுக்கும். அதே வண்டி மேலூர் சாலையில் 80-இல் போக எஞ்சின் ஏறத்தாழ 3,700 சுற்று ஓடவேண்டும். 4.11 இருந்தால் 3,100 போதும், 3.63 இருந்தால் 2,750. சமவெளியில் வாழ்கிறவர் அச்சை மாற்றிக்கொள்ள ஆசைப்படுவது இதனால்தான், அந்த ஆசை நியாயமானதும்கூட. எல்லை ஒன்று உண்டு: ஒற்றைக் கார்புரேட்டர் வைத்த 948 சிசி எஞ்சின் 40 குதிரைத்திறனைத் தொடாதது. அதன் தலையில் 3.63-ஐக் கட்டினால் எதிர்க்காற்றிலும் மேம்பால ஏற்றத்திலும் மூன்றாவது கியருக்கு இறங்கிக்கொண்டே இருக்கவேண்டும். 63 குதிரைத்திறன் தந்த முதல் ஸ்பிட்ஃபயரின் 1147 சிசி எஞ்சினுக்கு 4.11 பொருந்தியது போல, 948-க்கும் சமவெளியில் 4.11 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் தீர்ப்பு. ஆனால் அச்சை மாற்றிய அன்றே ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லத் தொடங்கிவிடும் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

பொய்க்குக் காரணம் ஸ்பீடாமீட்டர் கேபிள் புறப்படும் இடம். அது கியர்பெட்டியின் வால்பக்கத்தில், வெளியேறும் ஷாஃப்ட்டில் இருக்கும் ஒரு சின்னப் பல்சக்கரத்திலிருந்து கிளம்புகிறது. கியர்களுக்குப் பின்னால், கிரவுன் பினியனுக்கு முன்னால். கியர்களுக்குப் பின்னால் இருப்பதால் எந்தக் கியரில் போனாலும் அளவு மாறாது. ஓவர்டிரைவ் வைத்த ஸ்பிட்ஃபயரிலும் கேபிள் ஓவர்டிரைவுக்குப் பின்னால்தான் புறப்படுகிறது என்பதால், அதைப் போட்டாலும் எடுத்தாலும் முள் ஏமாறாது. கிரவுன் பினியனுக்கு முன்னால் இருப்பதால், அதற்கப்பால் நடப்பது எதையும் மீட்டர் அறியாது. அச்சின் பல் எத்தனை, டயர் எவ்வளவு பெரிது என்பதைத் தொழிற்சாலை ஒருமுறை நினைத்துக்கொண்டது, மீட்டர் அந்த நினைப்பை நம்பி ஓடுகிறது. 4.875-ஐ எடுத்துவிட்டு 4.11-ஐப் போட்டால், ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 18.6 சதவீதம் கூடுதலாகப் போகும். முள் 80-இல் நிற்கும், வண்டி 95-இல் போய்க்கொண்டிருக்கும். இந்தத் திசைத் தவறுதான் ஆபத்தானது. நிதானமாகப் போகிறோம் என்ற நினைப்பில் ஓட்டுநர் பிரேக் தூரத்தைக் கணிப்பார்.

மீட்டருக்குள்ளே என்ன இருக்கிறது? ஒரே கூட்டில் இரண்டு கருவிகள். இதுதான் முழு விசாரணைக்கும் திறவுகோல். கேபிள் உள்ளே நுழைந்ததும் ஒரு பக்கம் பல்சக்கரங்கள் வழியாக ஓடோமீட்டரின் எண் உருளைகளைத் திருப்புகிறது. பல்லோடு பல் கோத்திருப்பதால் அங்கே நழுவல் இல்லை, தேய்ந்து தளர்வதற்கு ஸ்பிரிங் இல்லை, வெயிலுக்கு அசைந்துகொடுக்க எதுவும் இல்லை. இன்னொரு பக்கம் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம். சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்ப, அவை கிண்ணத்தைக் கூடவே இழுக்கின்றன, மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்துகிறது. இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. சுழலும் உலோகத் தகடு காந்த ஊசியை இழுப்பதை 1820களில் பிரெஞ்சுக்காரர் அரகோ கண்டார். காரணத்தை 1831-இல் ஃபாரடே மின்தூண்டலால் விளக்கினார். அதை வண்டிக்கான வேகமானியாக 1902-இல் காப்புரிமை பெற்றவர் ஓட்டோ ஷுல்ட்சே. தூரம் எண்ணப்படுகிறது, வேகமோ காந்தத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் நடக்கும் பேரத்தில் தீர்மானமாகிறது. எனவே ஓடோமீட்டர் தப்பினால் குற்றம் கேபிளுக்குப் பின்னால் உள்ள பல்கணக்கிலோ டயரிலோதான், அல்லது வேறு வண்டிக்கென்று செய்த மீட்டரை இதில் மாட்டியிருக்கிறார்கள். ஓடோமீட்டர் சரியாக இருந்து முள் மட்டும் தப்பினால் குற்றம் காந்தத்திலோ ஸ்பிரிங்கிலோ. இரண்டும் தப்பினால், ஓடோமீட்டரின் தப்பைக் கழித்த மிச்சம்தான் முள்ளின் சொந்தத் தப்பு.

மேலூர் சாலைக்குத் திரும்புவோம். ஒரு கல்லருகே ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கல்லருகே மறுபடியும் குறியுங்கள். இடையில் சிட்டம்பட்டி சுங்கச்சாவடியில் நின்றாலும் பாதகமில்லை, தூரச் சோதனைக்கு நேரம் பொருட்டில்லை. மைல் கணக்கில் ஓடும் பழைய மீட்டர் என்றால் 12.43 வரவேண்டும். மீட்டர் 20-க்குப் பதில் 21 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதம் கூடுதல். அடுத்து, தடையில்லாத 5 கிலோமீட்டருக்கு முள்ளை 60-இல் அசையாமல் பிடித்து ஓட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். கணக்குப்படி 300 வினாடி ஆகவேண்டும். 330 ஆனது என்றால் வண்டி உண்மையில் போனது 54.5, முள் 10 சதவீதம் கூட்டிச் சொல்கிறது. அந்தப் பத்தில் ஐந்து பல்லுக்கும் டயருக்கும் சொந்தம், மிச்சம் ஐந்துதான் மீட்டருக்குள் இருக்கிறது. பழுதுபார்ப்பவரிடம் போய்ப் பத்தையும் முள்ளில் சரிசெய்யச் சொன்னால் அவர் செய்துவிடுவார். மேலூர் சாலையில் முள் சரியாகவும் நிற்கும். ஓடோமீட்டரோ தொடர்ந்து கூட்டி எண்ணிக்கொண்டே இருக்கும், அடுத்த ஆண்டு டயரை மாற்றும்போது முள்ளும் மறுபடி தப்பும். வேகத்தை முதலில் சோதிப்பவருக்கு இந்தப் பத்து பிரியாமல் ஒற்றை எண்ணாகத்தான் தெரியும்.

டயர்தான் இன்று அதிகம் சந்தேகப்பட வேண்டியது. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் பெரிய டயர் ஆலையே இருக்கிறது, ஆனால் அங்கே செய்வது முக்கியமாக இருசக்கர வண்டிகளின் டயர். ஹெரால்டு பிறந்தபோது போட்டுவந்த 5.20-13 கிராஸ்பிளை டயர் இப்போது கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. 13 அங்குல ரிம்முக்கு எது ஏறுமோ அதை வாங்கிப் போடுகிறார்கள். வேகன் ஆரின் 145/80 R13 போட்டால் விட்டம் 562 மில்லிமீட்டர், 155/80-உடன் ஒப்பிட்டால் 3 சதவீதம் கூட்டிச் சொல்லும். பழைய மாருதி ஜென்னின் 145/70 R13 போட்டால் விட்டம் 533-ஆகச் சுருங்கி, மீட்டர் 8.4 சதவீதம் கூட்டிச் சொல்லும், வண்டியும் தரையோடு தரையாகத் தாழும். அகலமான 175/70 R13 வேறு மாதிரி: விட்டம் 575, பழையதோடு 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அகலம் கூடினால் சக்கரம் பெரிதாகும் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஒரே டயர்கூடத் தன் வாழ்நாள் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. 8 மில்லிமீட்டர் பட்டை 1.6-க்குத் தேயும்போது விட்டத்தில் 13 மில்லிமீட்டர் கரைகிறது, அதுவே 2.2 சதவீதம். காற்றழுத்தத்தைப் பலரும் பெரிதாகச் சொல்வார்கள். ரேடியல் டயரின் பட்டைக்கடியில் இருக்கும் எஃகு வளையம் நீளமோ குறுக்கமோ காட்டாது என்பதால், வழக்கமான ஏற்றக்குறைச்சலில் அதன் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. இடது டயர் புதிது, வலது டயர் பழையது என்றால்? டிஃபரென்ஷியல் அமைப்பில் கிரவுன் சக்கரம் எப்போதும் இரண்டு சக்கரங்களின் சராசரியில்தான் சுற்றும். கேபிளுக்குப் போய்ச் சேர்வதும் அந்தச் சராசரிதான்.

சாலைக்கே போகாமல் வீட்டு வாசலில் செய்யும் ஒரு சோதனையும் உண்டு, ஆங்கிலேயக் கார்களின் பழைய பட்டறைக் கையேடுகள் சொல்வது. ஸ்மித்ஸ் மீட்டர்களின் முகப்பில் சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும், மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்றவேண்டும் என்பது அது. 1000 என்றிருந்தால் மணிக்கு 60 மைலில் கேபிள் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடவேண்டும். கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உள்கம்பியின் நுனியில் ஓர் அட்டை அம்புக்குறியைச் செருகி, கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரங்கள் ஆறு சுற்று சுற்றும்வரை வண்டியை நேராகத் தள்ளவேண்டும். அம்பு எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, அதை 1680-ஆல் பெருக்கி, சக்கர மையத்திலிருந்து தரைவரை உள்ள உயரத்தை அங்குலத்தில் அளந்து அதனால் வகுத்தால், முகப்பில் இருக்கவேண்டிய எண் வந்துவிடும். 25 முன்பின் இருந்தால் பரவாயில்லை என்கிறது கையேடு. 1680 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்ப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி: ஒரு மைலில் உள்ள 63,360 அங்குலத்தை ஆறு சுற்றளவால், அதாவது பன்னிரண்டு பையால், வகுத்ததுதான் அது. மில்லிமீட்டரும் கிலோமீட்டரும் வேண்டுமென்றால் 1680-க்குப் பதில் 26,500-ஐப் போட்டுக்கொள்ளலாம். நின்ற உயரத்தை அளப்பதைவிட, டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பத்துச் சுற்று உருட்டி, தரையில் டேப்பால் அளந்து பத்தால் வகுப்பது இன்னும் நம்பகமானது. 155/80 டயர் பத்துச் சுற்றில் ஏறத்தாழ 17.6 மீட்டர் போகவேண்டும்.

மீட்டருக்குள்ளேயே குற்றம் என்று தெரிந்துவிட்டால் மதுரை வெயிலையும் விசாரிக்க வேண்டும். அலுமினியம் சூடேறினால் மின்தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் கூடும். தடை கூடினால் சுழல் மின்னோட்டம் குறையும், இழுப்பும் குறையும். இங்கிலாந்துக் குளிரில் 10 டிகிரியில் அளவு வைத்த மீட்டர், சித்திரை வெயிலில் நின்ற காருக்குள் 50 டிகிரியில் இருந்தால், வேறு ஏற்பாடு இல்லாதபட்சத்தில் 60 காட்டவேண்டிய இடத்தில் 52 காட்டும். அதற்காகவே காந்தத்தோடு ஒரு நிக்கல்-இரும்புக் கலவைத் துண்டை வைத்தார்கள். குளிரில் அது காந்தப்புலத்தில் ஒரு பங்கைத் தன் வழியாகக் கடத்திவிடும். சூடேற ஏற அதன் கடத்தும் திறன் குறைய, அந்தப் பங்கும் கிண்ணத்துக்குப் போய்ச் சேரும். இழந்த இழுப்பு ஈடாகிவிடும். பிரித்துச் சுத்தம் செய்யும்போது வேண்டாத வாஷர் என்று இதை யாராவது தூக்கிப் போட்டிருந்தால், மார்கழிக் காலையில் சரியாக இருக்கும் முள் அக்கினி நட்சத்திரத்தில் குறைத்துச் சொல்லும். காந்தத்தின் வயதும் கணக்கில் சேரும். இழுப்பு காந்தப்புலத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், காந்தம் 5 சதவீதம் வலுவிழந்தால் முள் 10 சதவீதம் இறங்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் எதிர்த்திசையில் தப்பும்.

இத்தனை பாடு எதற்கு, கைபேசியின் ஜிபிஎஸ் வேகத்தைக் காட்டிவிடுகிறதே என்று கேட்கலாம். சரியான கேள்வி. திறந்த வானத்தின் கீழ், நேர்ச்சாலையில், சீரான வேகத்தில் ஜிபிஎஸ் மிக நல்ல சாட்சி. செயற்கைக்கோள் அலைகளின் டாப்ளர் மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும் அதற்கு டயரும் தெரியாது, கிரவுன் பினியனும் தெரியாது. கல்லுக்குப் பதில் அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் முள்ளை மட்டும் ஒப்பிட்டால் அது தீர்ப்பைத்தான் தரும், காரணத்தைத் தராது. தூரத்தையும் வேகத்தையும் தனித்தனியாக ஒப்பிட்டால்தான் ஜிபிஎஸ்ஸாலும் பயன். கற்களே சரியான இடத்தில் நடப்பட்டவையா என்ற ஐயமும் நியாயமானது. புறவழிச்சாலை வந்து சாலை நீளம் மாறிய இடங்களில் பழைய கல் புதிய தூரத்தைச் சொல்லாது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே 20 மீட்டர் பிசகினால் அது 2 சதவீதம், 20 கிலோமீட்டரில் அதே பிசகு 0.1 சதவீதம். நீண்ட தூரம் ஓட்டச் சொல்வதன் காரணம் அதுதான். போனதைப் போலவே திரும்பியும் ஓட்டிச் சராசரி எடுத்தால் காற்றும் சரிவும் தந்த பிசகுகளும் அடங்கிவிடும்.

இன்னொரு வாதம் வலுவானது: மீட்டர் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் நல்லதுதானே, சட்டமே அதை ஏற்கிறதே என்பது. நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117ஆம் விதி ஸ்பீடாமீட்டருக்கானது. உலக அளவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஐ.நா. ஒழுங்குமுறை 39, மீட்டர் ஒருபோதும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்கிறது. கூட்டிக் காட்டுவதற்கோ உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும் இடம் தருகிறது. 80-இல் போகும் வண்டி 92 வரை காட்டலாம். அப்படியானால் ஜென் டயரின் 8.4 சதவீதம் குற்றமே இல்லையே? முள்ளைப் பொறுத்தவரை இல்லை. ஆனால் அந்த இடம் முள்ளுக்குத் தரப்பட்டது, ஓடோமீட்டருக்கு அல்ல. ஓடோமீட்டர் 5 சதவீதம் கூட்டி எண்ணினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டி 15.75 தருவதாகத் தெரியும். கார்புரேட்டரைச் சரிசெய்ததால் மைலேஜ் ஏறியது என்று நம்பிக்கொள்ள நேரும், எண்ணெய் மாற்றும் கணக்கும் பிசகும். விற்கும்போது ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டி விலை குறையும். மேலும் சலுகையை டயரே தின்றுவிட்டால், வயதான ஸ்பிரிங்குக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை முள் தப்பாகக் காட்டுகிறது என்று தோன்றினால், மீட்டரைக் கழற்றும் முன் பின் டயரின் பக்கவாட்டு எண்ணைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சில் எத்தனைக்கு எத்தனை பல் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பிறகு, வெயில் ஏறாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஒரு தாளும் பென்சிலுமாக மேலூர் சாலையில் இருபது கற்களை எண்ணிவிட்டு வாருங்கள்.